அபிநயாவுக்குக் கொடுத்த சிவப்புத் தாள்

இன்று ஆசிரியர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவின் அடித்தட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய வரைபடங்கள், கால் ஒடிந்த காம்பஸ், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அடியில் உன் நோட்டு கிடந்தது. திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பூண்டுப் பொடி வாசனை. மூன்று வருஷமாகியும் போகவில்லை. உன் கைப்பையில் டிபன் டப்பாவும் இந்த நோட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் ஊர் போகும்; டப்பாவோ என்றைக்கும் ஒழுங்காக மூடியதில்லை. பிள்ளைகளின் மார்க்கெல்லாம் நல்லெண்ணெயில் ஊறிக் கிடக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். "அதனாலதான்டி எம்பிள்ளைங்க மார்க்கு துருப்பிடிக்காம கீது" என்பாய்.

பீரோவை அப்படியே விட்டுவிட்டு நோட்டை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இன்னா டீச்சர், கண்ணு கலங்கிகினு கீது? தூசியா?" என்று ஆயாம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ போன பிறகு உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதும் பழக்கம் நமக்குள் இருந்ததே இல்லை. எல்லாம் பேச்சுதான். இப்போது எழுதக் காரணம், உன்னிடம் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ போன பிறகு உன்னைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். இரண்டுமே அபிநயாவைப் பற்றியவை. முதல் பொய் தெரியாமலே நீ போய்விட்டாய். இரண்டாவது பொய்யைத் தெரிந்துகொள்ள நீ இல்லை.

ஊரப்பாக்கத்தில் நான் மின்சார ரயில் ஏறுவேன். கருங்குழியிலிருந்து நீ பஸ்ஸில் வருவாய். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஒரு மணி நேரப் பயணம். பதினொரு வருஷம் அப்படிப் போனோம். கட்டிய புருஷனோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை. நீ ஐந்தாம் வகுப்புக் கணக்கு, நான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு. நீ செய்து அனுப்பும் பிள்ளைகளைத்தான் நான் வாங்கிக்கொள்வேன். ஏதாவது ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வராவிட்டால், "உன் சரக்கு சரியில்லடி" என்று உன்னைத்தான் பஸ்ஸில் பிடித்து உலுக்குவேன்.

நம் பள்ளியின் நடைமுறை உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் இதில் என் பங்கு எது என்று எனக்கே விளங்கும். பிள்ளைகளை நிர்வாகம் மூன்று நிறமாகப் பிரித்து வைத்தது. ஜூனில் ஒரு கணக்குத் தேர்வு. கூட்டல் கழித்தலிலேயே தடுமாறுகிறவர்கள் சிவப்பு. பெருக்கல் வகுத்தல் வரை வந்தவர்கள் மஞ்சள். பின்னமும் தசமமும் தெரிந்தவர்கள் பச்சை. வருஷம் முழுக்க அந்தந்த நிறத்துக்கு அந்தந்தப் பாடம். ஏப்ரலில் மறுபடியும் அந்தந்த நிறத்தில் வினாத்தாள். சிவப்புத் தாளில் முழு மார்க் வாங்கினாலும் மஞ்சளுக்குத்தான் ஏற முடியும். ஆசிரியருக்கு நம்பிக்கை இருந்தால் மேல்நிறத் தாளைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு விதி உண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்போது பச்சையில் இருப்பவர்களுக்கு ஆறாம் வகுப்பில் ஏ பிரிவு, மற்றவர்களுக்கு பி பிரிவு. ஏ பிரிவில் இயற்கணிதம் ஆரம்பமாகும். பி பிரிவில் மறுபடியும் கடன் வாங்கிக் கழித்தல்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நிர்வாகத்துக்கு 'வளர்ச்சி' வேண்டும். ஜூனில் பச்சையாக இருந்த பெண் ஏப்ரலிலும் பச்சையாகவே இருந்தால் அவளுடைய ஆசிரியர் காட்டிய வளர்ச்சி பூஜ்யம். நன்றாகக் கணக்குப் போடும் வகுப்பை வைத்திருந்த நீதான் ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றாய். இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

ஒருநாள் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தி, "உங்க கிளாஸ்ல மட்டும் ஏன் டீச்சர் கிராஃப் படுத்துக்கினு கீது?" என்று கேட்டார். மறுநாள் பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றிருந்தது. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாப் போடுற நாலு பிள்ளைங்களை ஜூன்ல சிவப்புன்னு எழுதிடு. ஏப்ரல்ல மேல ஏத்திக் காட்டிக்கலாம். கையிருப்பு மாதிரி வெச்சுக்கோ" என்றேன்.

"இன்னாடி சொல்ற? தெரிஞ்ச பிள்ளையத் தெரியாதுன்னு எழுதறதா?"

"பத்து மாசத்துக்குத்தானே."

சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நின்றது. இறங்கிய பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாய்: "ஏப்ரல்ல நானே எங்கையால அதுங்களுக்குப் பச்சைத் தாள் குடுப்பேன். அதுக்கு ஒத்துக்கினா சரி." அந்த நிபந்தனை உன்னுடையது. யோசனையும் அதற்கு வைத்த பெயரும் என்னுடையவை. இதை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

யாரைக் கையிருப்பாக வைப்பது என்பதிலும் நான்தான் கெட்டிக்காரி. நல்ல உத்தியோகத்தில் இருக்கும் அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் வேண்டாம் என்றேன். அவர்கள் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், வாசலில் வந்து நிற்பார்கள். குப்பத்துப் பிள்ளைகள் என்றால் அப்பா கடலில் இருப்பார், அம்மா விடியற்காலையிலேயே மீன் எடுக்கக் கரைக்குப் போயிருப்பாள். மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுகூட சித்தியோ பக்கத்து வீட்டக்காவோதான். எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதை நான் இப்படியே, இதே வார்த்தைகளில் சொன்னேன். உனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினாய். நோட்டில் வருஷத்துக்கு நான்கு பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு ஏப்ரலிலும் சொன்னபடியே அந்த நான்கு பேருக்கும் பச்சைத் தாள் கொடுத்தாய். நான்கு பேரும் ஏ பிரிவுக்கு என்னிடம் வந்தார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நாம் இருவரும் நிம்மதியாக இருந்தோம்.

உன்னுடைய கடைசி ஜூனில் வைத்த நான்கு புள்ளிகளில் ஒன்று அபிநயா. அவள் பெயரைச் சொன்னதும் நான்தான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பெண், அம்மா கன்னியம்மா மீன்கூடையோடு திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்றுவிட்டுச் சாயங்காலம்தான் வீடு திரும்புவாள், கேள்வி வராது என்றேன்.

அதற்கு அடுத்த வாரமே நீ என்னை உன் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாய். பலகையில் முக்கால், ஏழில் ஐந்து என்று இரண்டு பின்னங்கள். எது பெரியது? பச்சை வரிசைப் பிள்ளைகள் குறுக்கே பெருக்கி இருபத்தொன்று, இருபது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் நீயும் படித்ததும் அப்படித்தான். சிவப்பு வரிசையில், கழித்தல் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அபிநயாவைப் பார்த்து, "நீ சொன்னதை இந்த டீச்சருக்கும் சொல்லு" என்றாய்.

அவள் எழுந்து நின்று பலகையைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "முக்காலு முழுசாவறதுக்குக் கால் கொறயுது டீச்சர். ஏழுல அஞ்சுக்கு ஏழுல ரெண்டு கொறயுது. கால்னா எட்டுல ரெண்டு. எட்டுல ரெண்டவிட ஏழுல ரெண்டு பெருசு. அப்ப அதுதானே ரொம்பக் கொறயுது? முக்காதான் பெருசு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வராந்தாவுக்கு வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இவளையாடி சிவப்புல எழுதியிருக்கோம்?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏப்ரல் வரைக்கும்தானே."

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது நீ வரவில்லை. மார்பில் கட்டி என்றார்கள், பிறகு எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். பஸ்ஸில் உன் இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். உன் ஐந்தாம் வகுப்பை மூன்று மாதத்துக்கு என்னிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை மதிய இடைவேளைகளில் அபிநயாவுக்கு நீ தனியாகப் பச்சைப் பாடம் நடத்தி வந்ததை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் நடத்தவில்லை. எனக்கு என் மூன்று வகுப்புகளே போதுமாக இருந்தன.

பங்குனியில் உன்னைப் பார்க்கக் கருங்குழிக்கு வந்தேன். முடியெல்லாம் போய், தலையில் துண்டு கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாய். உன் மகன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து சொன்னாய்: "நாலு புள்ளியில மூணு பேரு எப்படியாவது பொழச்சுக்குவாங்கடி. அபிநயாவ மறந்துடாத. பச்சைத் தாள் நீ குடுத்துடு." சரி என்றேன். உண்மையாகவே கொடுக்கத்தான் நினைத்தேன்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். போன வருஷம் நம் பள்ளியில் சிவப்பிலிருந்து ஒரேயடியாகப் பச்சைக்குத் தாவியவர்கள் அதிகம் என்று நிர்வாகத்தில் கேட்டிருக்கிறார்கள். "இந்த வருஷம் ரெண்டு படித் தாவல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது டீச்சர். இருந்துச்சுன்னா ஜூன் தாளை எடுத்துப் பாப்பாங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வரும் ஜூனில் கணித ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பொறுப்பு வருகிறது, அதற்கு என் பெயரைத்தான் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். பாவம், அவருக்குக் கையிருப்பு பற்றி எதுவும் தெரியாது. ஜூன் தாளை எடுத்தால் என்ன தெரியும்? அபிநயா சரியாகப் போட்ட கணக்குகளின்மேல் தப்பு என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருப்பது தெரியும். நீ படுத்துவிட்டாய், உன்னை யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். என்னைத்தான் கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுப்பும் வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தேர்வு நாளன்று மூன்று கட்டுத் தாளோடு வகுப்புக்குள் போனேன். அபிநயா தலையை நன்றாகப் படிய வாரி, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மற்ற மூன்று புள்ளிகளுக்கும் வைத்ததுபோலவே அவள் மேஜையிலும் சிவப்புத் தாளை வைத்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த மற்ற கட்டுகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "நேரம் இருக்கும்மா, இன்னொரு தடவை சரிபாரு" என்றேன். நாற்பத்தேழிலிருந்து பத்தொன்பதைக் கழித்ததை அவள் இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

மறு ஞாயிறு உன்னிடம் வந்தேன். பேசவே உனக்கு மூச்சு போதவில்லை. ஆனாலும் முதலில் அதைத்தான் கேட்டாய்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்டி."

"எவ்ளோ?"

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "நாப்பதுக்கு முப்பத்தெட்டு" என்று வாயில் வந்தது.

"ரெண்டு எங்க விட்டா?"

நீ ஆசிரியராக இருந்த கடைசி நிமிஷம் அதுதான் என்று நினைக்கிறேன். "பின்னம் கழித்தல்ல" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய். "பின்னத்துலயா? அவ பின்னத்துல விட மாட்டாளே." பிறகு நீயே சமாதானமும் சொன்னாய்: "அவசரப்பட்டிருப்பா. நான் பக்கத்துல இல்ல இல்ல?" உன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. மே மாதம் போய்விட்டாய். அந்த முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டுதான் போனாய்.

உன் சாவுக்குக் குப்பத்திலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கன்னியம்மா வந்திருந்தாள். உன் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த மவராசி" என்று மாரடித்து அழுதாள். நான் உன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூனில் அபிநயா ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குப் போனாள். நான் ஏ பிரிவுக்குக் கணக்கு எடுத்தேன், ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு மேஜையும் கொடுத்தார்கள். பி பிரிவை ஒரு புதிய பையன் எடுத்தான். நல்லவன்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்திருந்த பாடம் அவ்வளவுதான். தினமும் நான்கு முறை அந்த ஜன்னலைத் தாண்டிப் போவேன். முதல் வருஷம் அவள் கையை உயர்த்திக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் கை மேஜைக்குக் கீழே இருந்தது. போய்ப் பேசக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். என்ன தடுத்தது என்று கேட்காதே. அவளை மேலே ஏற்றினால், இவ்வளவு நாள் ஏன் கீழே இருந்தாள் என்று யாராவது கேட்பார்கள் என்ற அதே பயம்தான்.

ஏழாம் வகுப்பின் கடைசியில் ஒரு மதியம் அவளைக் கூப்பிட்டு, ஐந்தில் மூன்று, ஏழில் நான்கு என்று எழுதி எது பெரியது என்று கேட்டேன். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நகத்தைக் கடித்துக்கொண்டு, "எனக்குக் கணக்கு வராது டீச்சர். நான் பி" என்றாள்.

"யாரும்மா சொன்னது? அந்த டீச்சர் உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசுவாங்க தெரியுமா?"

"அவுங்க எங்கிட்ட சொன்னாங்க. நீ சும்மாதான் செவப்புல கீற, ஏப்ரல்ல பச்சைத் தாள் வரும், ரெடியா இருன்னு. வரல. அப்ப, அவுங்களே எனக்கு வராதுன்னு நெனச்சுட்டாங்கன்னுதானே?"

நீ அவளிடம் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கக் கூடாது என்று உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன பிறவி பார் நான். உன் வாக்கை நான் விழுங்கிவிட்டு, வாக்குக் கொடுத்ததற்காக உன்மேல் கோபப்படுகிறேன்.

இந்த ஜூனில் தலைமையாசிரியரிடம் மன்றாடி அவளை எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கு மாற்றினேன். "திறமை தெரியுது சார்" என்று மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. பதினொரு நாள் என் வகுப்பில் உட்கார்ந்தாள். எக்ஸ் ஸ்கொயர் என்று பலகையில் எழுதினால், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். இரண்டு வருஷப் பாடம் அவளிடம் இல்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் அவளைக் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் என்னிடம்கூடச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பி பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டால், "அங்கதான் டீச்சர் எனக்குப் புரியுது" என்றாள்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறாமல் குப்பத்துக்கு நடந்தேன். கோட்டைச் சுவரைத் தாண்டியதும் இரண்டாவது தெரு. கன்னியம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வா டீச்சர், இன்னா இவ்ளோ தூரம்?" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மதிய நேரத்தில் அபிநயாவை என்னிடம் அனுப்பு, விட்ட பாடத்தை நடத்துகிறேன் என்றேன்.

"அவளே வராதுன்னு சொல்லிகினு கீறா, வுடு டீச்சர். எட்டாவதோட உங்க ஸ்கூலு முடியுது. அப்பாலிக்கி எங்க தையல் கத்துக்க உடலாமான்னு பாத்துகினு கீறேன். எங்க ஜாதகம் அவ்ளோதான்."

அதற்குமேல் என்னால் மூடி மறைக்க முடியவில்லை. அவளுக்கு வராமல் இல்லை, கன்னியம்மா. ஐந்தாம் வகுப்பில் வேண்டுமென்றே, தெரிந்தே, அவளைக் கீழே எழுதினோம். மேலே இருந்து கேட்கிறார்கள் என்று எழுதினோம். கடைசியில் மாற்றி எழுத வேண்டியது, மாற்றவில்லை. அவள் தவறு ஒன்றுமே இல்லை. இவ்வளவையும் சொன்னேன். கன்னியம்மா கழுவிய கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு எழுதுனது? அஞ்சாவது எடுத்துகினு இருந்து செத்துப்போனாங்களே, அந்த டீச்சரம்மாவா?"

'எழுதினோம்' என்றுதான் சொல்லியிருந்தேன். 'நான்' என்று திருத்த ஒரு நொடி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், என் கையில் அவள் கொடுத்த டீ இருந்தது.

"ஆமாம்" என்றேன்.

"அடிப்பாவி" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "அவுங்க பொழைக்கணும்னு வாரா வாரம் எங்கம்மனுக்கு வெளக்கு போட்டேனே. கால்ல வுழுந்து அழுதேனே." எழுந்து உள்ளே போனாள். உன்னுடைய கண்ணீர் அஞ்சலிச் சீட்டை, உன் போட்டோ போட்டது, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, கூடை கழுவிய தண்ணீர் போகும் சாக்கடையில் போட்டாள். அபிநயா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் முகம் மேலே பார்த்தபடிதான் விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

எட்டு நாள் தூக்கமில்லை என்று சொன்னால் நீ நம்புவாய், நம்பினாலும் என்ன? ஒன்பதாம் நாள் மறுபடியும் போனேன். இந்த முறை உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அன்னைக்கு நான் சொன்னது பொய். யோசனை சொன்னது நான். அபிநயா பெயரைச் சொன்னதும் நான். பச்சைத் தாள் கொடு, மறந்துடாதே என்று அந்த டீச்சர் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டாள். நான்தான் கொடுக்கவில்லை. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களாடி" என்று பக்கத்துப் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். "செத்துப்போனவங்க பேரு கெடக் கூடாதுன்னு இந்த டீச்சரு பழியத் தன் தலையில போட்டுக்கினு வந்து நிக்குது. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா."

"இல்ல கன்னியம்மா, சத்தியமா நான்தான்."

"வுடு டீச்சர். ஒனக்கு நல்ல மனசு. நீயா அப்படி செய்வ? எம்பொண்ண மேல கொண்டாரணும்னு வூடு தேடி வந்தவ நீதானே?"

இன்னும் இரண்டு முறை சொன்னேன். சொல்லச் சொல்ல என் நல்ல மனசு அவர்களுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அபிநயாவைப் பார்த்தேன். உனக்கு அன்றைக்குத் தாள் கொடுத்தது யார், சொல்லும்மா என்றேன். அவள் சொல்லியிருக்கலாம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லாம் முடிந்துபோன விஷயம் என்பதுபோலப் போனாள். கன்னியம்மா நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பையில் நான்கு வஞ்சிரத் துண்டுகளைப் போட்டு என் கையில் திணித்தாள்.

இந்த வருஷம் எந்த வகுப்பிலும் கையிருப்பு எழுத விடவில்லை. தெரிந்ததைத் தெரிந்ததாகவே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். கிராஃப் படுத்துவிடும், திட்டு வாங்குவேன், பரவாயில்லை. இதை உனக்கு ஈடாகச் சொல்லவில்லை. அபிநயா பி பிரிவில்தான் இருக்கிறாள். மதியம் அவளுக்காக என் அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இதுவரை வரவில்லை.

உன் நோட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. உன் மகனிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்டால் அவனிடமும் நான் எதைச் சொல்வேனோ என்று என்மேலேயே நம்பிக்கை இல்லை.

அந்தத் தெருவில் நீ ஒரு பெண்ணைக் கெடுத்தவள். நான் நல்லவள். நானே போய்ச் சொல்லியும் இது மாறவில்லை. குப்பத்துப் பெண்கள் கூடையோடு திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறுவார்கள் இல்லையா, முன்பெல்லாம் நாம் இடம் கொடுத்தால் சிரித்துக்கொண்டே கூடையை நம் காலடியில் வைப்பார்களே, அவர்கள் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். நேற்றும் கூட்டம் நெரிந்தது. ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்து, "நீ ஒக்காரு டீச்சர்" என்றாள். வேண்டாம் என்றேன். தோளைப் பிடித்து அழுத்தினாள். உட்கார்ந்துகொண்டேன்.